பிரான்மலையைச் சைக்கிளில் சுற்ற நினைப்பவர்களுக்கு

காரைக்குடியில் சைக்கிள் டூர் என்று பேச்செடுத்தாலே கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். காரின் பின்னால் சைக்கிளைக் கட்டி எடுத்துப்போய், மேலேயிருந்து கீழே உருட்டிவிட்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வருவதும் சந்தோஷம்தான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டு வாசலில் ஏறி உட்கார்ந்து, மிதித்தே போய், ஒரு மலையைச் சுற்றிவிட்டு மறுநாள் சாயங்காலம் அதே வாசலில் இறங்குகிற மாதிரி ஒரு பாதை நமக்கு இருக்கிறது. பிரான்மலை. பாரி ஆண்ட பறம்புமலை என்று நாம் சொல்லிக்கொள்ளும் அதே மலை. சிங்கம்புணரிக்கு வடக்கே, 2,000 அடிக்கு மேல் உயரம், சுற்றிலும் காடு, காட்டைச் சுற்றிலும் கண்மாயும் தென்னந்தோப்பும்.

இந்த மலையை ஏறிப் பார்ப்பதைவிடச் சுற்றிப் பார்ப்பதுதான் சைக்கிள்காரனுக்கு ஏற்றது என்பது என் தீர்மானமான எண்ணம். மேலே ஏற ரோடு கிடையாது, நடைபாதைதான். கீழே சுற்றினால் மலை ஒவ்வொரு ஊரிலும் வேறு முகம் காட்டும். சிங்கம்புணரிப் பக்கமிருந்து பார்த்தால் அகலமாகப் படுத்திருக்கும், பொன்னமராவதிப் பக்கம் போனால் வேறு ஏதோ மலை என்று நினைக்கத் தோன்றும். காரில் போகிறவர் இதைக் கவனிப்பதற்குள் ஊரே கடந்துவிடும்.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். சின்னச் சுற்று என்றால் திருப்பத்தூரில் ஆரம்பித்து சிங்கம்புணரி, பிரான்மலை, பொன்னமராவதி, நெற்குப்பை வழியாகத் திரும்பத் திருப்பத்தூர். சுமார் 60 கிலோமீட்டர் சொச்சம், ஒரே நாளில் முடியும், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதுதான் சரி. பெரிய சுற்று என்றால் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், வேட்டங்குடி, மேலூர், அரிட்டாபட்டி என்று முதல் நாள்; ராத்திரி மேலூரில் தங்கல். மறுநாள் கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, பிரான்மலை, பொன்னமராவதி, கீழச்சிவல்பட்டி, காரைக்குடி. இரண்டாம் நாள்தான் நீளம், அதனால் விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். கொட்டாம்பட்டி வரைக்கும் திருச்சி – மதுரை நான்குவழிச் சாலையைப் பிடித்தால் சீக்கிரம் போகலாம்தான், ஆனால் லாரிக் காற்றில் சைக்கிள் ஆடும், நிழல் என்பதே இருக்காது. நான் முடிந்தவரை உள்ரோட்டிலேயே போகிறேன். பத்து கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை, உள்ரோட்டில் வழி கேட்க ஆள் இருப்பார்கள், தண்ணீர் இருக்கும்.

தண்ணீர் என்றதும் ஒரு விஷயம். இந்தப் பக்கத்துக்கு டூரிங் மேப் யாராவது போட்டிருக்கிறார்களா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, பழனிப் பாதயாத்திரைப் பாதையைப் பாருங்கள் என்பதுதான். நகரத்தார் காவடி நூற்றாண்டுகளாகக் குன்றக்குடியிலிருந்து கிளம்பி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து போகிறது. நடக்கிறவர்கள் எவ்வளவு தூரத்தில் களைப்பார்கள், எங்கே நிழல் வேண்டும், எங்கே படுக்க இடம் வேண்டும் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து, விடுதியும் மண்டபமும் ஊருணியும் அந்தப் பாதையை ஒட்டி அமைந்திருக்கின்றன. ஒரு நடையாளியின் அரை நாள் தூரம் நமக்கு ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். ஆகவே சிங்கம்புணரி வரைக்கும் தண்ணீருக்குத் திண்டாட்டமே வராது. ஆனால் தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் இந்த ரோட்டில் சைக்கிள் டூர் வைத்துக்கொள்ளாதீர்கள். ரோடு முழுக்க நடப்பவர்கள் இருப்பார்கள், ராத்திரியும் நடப்பார்கள், அவர்கள் நடுவே மணி அடித்துக்கொண்டு புகுந்து போவது நன்றாக இருக்காது. அந்தச் சமயத்தில் போக வேண்டியிருந்தால் நானும் நடந்துதான் போவேன்.

முதல் நாள் காலையில் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி இரண்டிலும் குரங்கு ஜாக்கிரதை. ஹேண்டில்பாரில் தொங்கும் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது வாழைப்பழமும் இருக்காது, ஜிப்பும் இருக்காது. தின்பண்டம் எல்லாம் பின்பக்கக் கேரியர் பையில், அடியில் போய்விட வேண்டும். பிள்ளையார்பட்டியில் கழிப்பறை வசதி இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் மனைவி கூட வரும்போதுதான் இதெல்லாம் திட்டத்தில் எழுதி வைக்க வேண்டிய விஷயம் என்பது எனக்கு உறைத்தது. பெரிய கோயில், பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்ட், இந்த மூன்றும் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால் பெண்கள் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பார்கள். இல்லாவிட்டால் குடிக்காமலேயே மிதிப்பார்கள், மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும்.

திருப்பத்தூர் தாண்டி மேலூர் ரோட்டில் வேட்டங்குடி. 1977ல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம், 38 ஹெக்டேர் சொச்சம்தான் பரப்பு. வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஊர்களின் கண்மாய்கள்தான் சரணாலயமே. கண்மாயில் தண்ணீர் நிற்கும்போது, அதாவது ஐப்பசி கார்த்திகை மழை நன்றாகப் பெய்திருந்தால், மார்கழி தை மாதங்களில் நத்தைகுத்தி நாரையும் மஞ்சள் மூக்கு நாரையும் அரிவாள் மூக்கனும் மரத்துக்கு மரம் கூடு கட்டியிருக்கும். கரையில் நின்றால் சத்தமும் வாடையும் சேர்ந்து வரும். நாரைக் குஞ்சு வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, தாய் இறக்கையை விரித்து அதற்கு நிழல் கொடுத்துக்கொண்டு அசையாமல் நிற்பதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, பறவைகள் பயந்து போய்விடும் என்பதற்காக. ஆகவே கண்மாய்க் கரையில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற குழுவைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஊரே பண்டிகையை விட்டுக்கொடுத்திருக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் பாட்டில்லாமல் இருக்க நம்மால் முடியாதா?

அரிட்டாபட்டியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மேலூரிலிருந்து அழகர்கோயில் பக்கம் போகும் வழியில், மொட்டைப் பாறைக் குன்றுகள் வரிசையாக நிற்கும் ஊர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள்; அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊரும் சேர்ந்து 193.21 ஹெக்டேர். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்று பாறை இடுக்கில் குடியிருக்கும் வேட்டைப் பறவைகள் இங்கே உண்டு, தேவாங்கும் எறும்புத்தின்னியும் உண்டு. கழிஞ்சமலையில் தமிழி என்னும் பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டும் சமணர் படுக்கையும், பக்கத்திலேயே பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலும் இருக்கின்றன. 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போய்விட்டது என்று செய்தி வந்தபோது, மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் கிளம்பி மதுரை வரைக்கும் நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23ஆம் தேதி ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அதற்கப்புறம் அங்கே போனபோது டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் “மலைக்கு எப்படிப் போறதுங்கய்யா?” என்று கேட்டேன். அவர் வழி சொல்வதற்கு முன்னால், “எதுக்குப் போறீக? சும்மா பாக்கத்தானே?” என்று கேட்டுத் தெளிந்துகொண்டுதான் சொன்னார். அப்படிக் கேட்க அவருக்கு முழு உரிமை இருக்கிறது.

இது டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிற பூங்கா கிடையாது, ஊரும் வயலும் கோயிலும் கலந்த இடம். சைக்கிளை ஊருக்குள்ளேயே நிறுத்திப் பூட்டிவிட்டு நடந்து போங்கள். பாறையில் சைக்கிளை ஏற்றுவதும் வேண்டாம், ட்ரோன் விடுவதும் வேண்டாம். கூட்டில் குஞ்சு இருக்கிற நேரத்தில் ட்ரோன் சத்தம் கேட்டால் தாய்ப் பறவை கூட்டை விட்டுப் பறந்துவிடும், வெயிலில் குஞ்சு தனியாகக் கிடக்கும். ஒரு பைனாகுலர் போதும். காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் பாறை முகப்பைப் பார்த்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்தால் நடந்து தேடுவதைவிட அதிகம் பார்க்கலாம். இதற்காகவே முதல் நாள் சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை என்று இரண்டு தடவை போவது நல்லது. அப்படிச் செய்தால் மறுநாள் சுற்றைச் சிங்கம்புணரியோடு நிறுத்தி, அங்கே தங்கி, மூன்றாவது நாள் காரைக்குடி வரலாம். அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இனி முள். நம் ஜில்லாவில் சைக்கிள் டூரைக் கெடுப்பது ஏற்றமும் இல்லை, வெயிலும் இல்லை, சீமைக்கருவேல முள்தான். கரி மூட்டத்துக்காகக் கருவேலம் வெட்டி டிராக்டரில் ஏற்றும் இடங்களில் ரோட்டோரம் ஐம்பது அடிக்கு முள் சிதறிக் கிடக்கும், அங்கே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடங்கள். குத்திவிட்டது என்று தெரிந்ததும் முள்ளை உடனே பிடுங்கக் கூடாது. டயரில் எந்த இடம் என்று வால்வை வைத்து அடையாளம் பார்த்துக்கொண்டு, அப்புறம் பிடுங்கி, டியூபில் அதே இடத்தில் ஓட்டையைத் தேடினால் தண்ணீர்த் தொட்டி இல்லாமலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒட்டி முடித்ததும் டியூபை உள்ளே போடாதீர்கள். டயரின் உட்புறத்தை ஒரு பழைய துணியால் சுற்றிலும் துடையுங்கள், முறிந்த முள் நுனி எங்காவது ஒளிந்திருந்தால் துணி அதில் மாட்டும். கையால் தடவினால் விரலில்தான் ஏறும், அதுவும் கருவேல முள் ஏறினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். நுனி அரை அரிசி அளவுதான் இருக்கும், கண்ணுக்கே தெரியாது, ஆனால் அதை விட்டுவிட்டால் அடுத்த ஊர் போவதற்குள் மறுபடி காற்று இறங்கிவிடும்.

டியூப் வாங்கும்போது மோட்டார் சைக்கிள் டியூபில் இருக்கிற அதே தடித்த வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய ஊசி வால்வு போட்ட விலை உயர்ந்த சைக்கிளோடு என் நண்பர் ஒருவர் பொன்னமராவதிக்கு முன்னால் ஒரு பஞ்சர் கடையில் நின்றார். கடைக்காரர் வாயில் பீடியோடு அந்த வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்த ஊசிவாய்க்கு நம்மகிட்ட குழாய் இல்லையேப்பா” என்று கையை விரித்துவிட்டார். ஒரு சின்ன அடாப்டர் இருந்தால் போதும், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், விலையும் ஒன்றும் பெரிதில்லை. இன்னொன்று, பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் காற்றுப் பிடிக்கும்போது “விட்டு விட்டு அடிங்கண்ணே” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். லாரி டயருக்குப் பழகிய கை ஒரே அழுத்தாக அழுத்தினால் சைக்கிள் டியூப் வெடித்துவிடும். டயர் அகலம் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் உள்ரோட்டுக் குழியெல்லாம் முதுகுக்கு ஏறாது. கியர் நிறைய வேண்டும் என்பதில்லை, பாதை பெரும்பாலும் சமதரைதான்.

காற்றுதான் ஏற்றத்தின் வேலையைச் செய்யும். மார்கழி, தை மாதங்களில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். காரைக்குடியிலிருந்து மேற்கே போகும்போது முதுகில் தள்ளும், ரொம்ப நன்றாக ஓட்டுகிறோம் என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அதனால் கடைசி நாள் தூரத்தை, போன வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் குறைத்தே போடுங்கள். ஆடிக் காற்றில் கதை தலைகீழ். போகும்போது திணறுவோம், வரும்போது பறப்போம். வெயில் பொறுக்கிற உடம்பு என்றால் எனக்கு அது இன்னும் பிடிக்கும், களைத்துப்போன நேரத்தில் உதவி கிடைக்கிறது. பங்குனி, சித்திரையில் மட்டும் வேண்டாம். மலையில் போதைப்புல் என்று சொல்லும் காட்டுப்புல் காய்ந்து கிடக்கும், அடிக்கடி தீப்பிடிக்கும் காலம் அது, கண்மாயிலும் தண்ணீர் இருக்காது.

சிங்கம்புணரி நெருங்கும்போது தென்னைநார்க் களங்கள் ஆரம்பிக்கும். ரோட்டோரம் நார் காயப்போட்டிருப்பார்கள், கயிறு திரிப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காற்று அடித்தால் நார்த் தூசி கண்ணில் விழும். வெறும் கண்ணாடி போட்டிருந்தாலும் போதும், கறுப்புக் கண்ணாடிதான் வேண்டும் என்றில்லை. இளநீர் இங்கே தாராளமாகக் கிடைக்கும். இளநீரை மட்டும் நம்பாமல் ஒரு கல் உப்புப் போட்ட மோரும் குடியுங்கள், வியர்வையில் போகிற உப்பை இளநீர் முழுக்க ஈடுகட்டாது.

சிங்கம்புணரிக்கும் பிரான்மலைக்கும் இடையே உள்ள தூரம் பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் இங்கேதான் நிதானம் அதிகம் வேண்டும், காரணம் காட்டுமாடு. கரந்தமலைப் பக்கமிருந்து இந்தக் காடுகளிலும் காட்டுமாடு நடமாடுகிறது, விடியலிலும் அந்தியிலும் கண்மாய்க்குத் தண்ணீர் குடிக்க வரும், தோட்டத்திலும் இறங்கும். ஒரு காலை வேளை வளைவில் திரும்பும் முன்னால் ஆட்டுக்காரர் ஒருவர் கம்பைக் குறுக்கே நீட்டி எங்களை நிறுத்தினார். “தம்பி, நில்லு. மணி கிணி அடிக்காத. அதுவா போகட்டும்” என்றார். எட்டிப் பார்த்தால் ரோட்டின் நடுவில் ஒரு பெரிய காட்டுமாடு, உடம்பு கறுப்பு, முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை, கண்மாய்ச் சேறு வயிறு வரைக்கும் அப்பியிருந்தது. எங்களைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி ஒரு தடவை மூச்சு விட்டது. அந்த மூச்சின் சத்தம் எங்களுக்குக் கேட்டது. பத்து நிமிஷம் கழித்துத் தானாகவே புதருக்குள் போனது, அதன் பின்னால் இன்னும் இரண்டு. ஆட்டுக்காரர் அதற்கப்புறமும் எங்களை விடவில்லை, “பின்னாடி கன்னுக்குட்டி வந்தாலும் வரும், செத்த பொறு” என்று நிறுத்தி வைத்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: தூரத்திலேயே நில்லுங்கள், மணி வேண்டாம், லைட் வேண்டாம், போன் எடுத்துக்கொண்டு கிட்டே போகவே போகாதீர்கள், முழுக்கூட்டமும் கடந்த பிறகு கிளம்புங்கள். நன்றாக விடிவதற்கு முன்னாலும் பொழுது சாய்ந்த பின்னாலும் இந்தத் துண்டில் சைக்கிள் வேண்டாம்.

பிரான்மலை அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில். சம்பந்தர் பாடிய தலம், கீழே ஒன்று நடுவில் ஒன்று மேலே ஒன்று என்று மூன்று நிலையாகச் சன்னதிகள். மலை உச்சியில் தர்கா இருக்கிறது, இரண்டுக்கும் வருகிற ஜனங்களை ஒரே டீக்கடையில் பார்க்கலாம். உச்சிக்கு நடந்து போக ஆசைப்பட்டால் அதற்கென்று ஒரு அரை நாள் ஒதுக்குங்கள், மிதித்து வந்த காலோடு உடனே ஏறினால் இறங்கும்போது முட்டி நடுங்கும். பக்தர்கள் போகிற பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் போவதானால் வனத்துறை அனுமதி வேண்டும், கூடாரம் போட்டுத் தங்குவதும் அப்படித்தான். பிளாஸ்டிக் கவரில் வாங்கியதை எல்லாம் திரும்பக் கொண்டுவர ஒரு காலிப் பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மலைக்குக் கீழே அந்தக் கவரைத் தின்று செத்துப்போகிற மாடு யாரோ ஒருவர் வீட்டு மாடு.

பொன்னமராவதியிலிருந்து நெற்குப்பை, கீழச்சிவல்பட்டி என்று வரும்போது மறுபடி நம் ஊர் வாசனை வந்துவிடும். வீதிக்கு வீதி பெரிய வீடுகள், பாதி பூட்டிக் கிடக்கும். திண்ணையில் நிழல் இருக்கிறது என்று நேராகப் போய் உட்காராமல் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடமோ உள்ளே இருக்கும் ஆச்சியிடமோ ஒரு வார்த்தை கேட்டால் போதும், தண்ணீர் என்ன, மோரே வந்துவிடும். நாய்கள் துரத்துவது இந்த ஊர்களில்தான் அதிகம். வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், இறங்கி, நாய்க்கும் நமக்கும் நடுவில் சைக்கிள் இருக்கிற மாதிரி உருட்டிக்கொண்டு நடந்தால் நாலு வீடு தாண்டியதும் விட்டுவிடும்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், செயினை மட்டும் துடைத்துவிட்டுப் படுங்கள். செம்மண் தூசியும் நார்த் தூசியும் பழைய எண்ணெயோடு சேர்ந்து ராத்திரிக்குள் பசையாகிவிடும், பிறகு தேய்த்தாலும் போகாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால் ஐந்து நிமிஷ வேலை. காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும்.